256 ஜிபி கார்ட்: படம் லிஸ்டில இருக்கு, திறந்தால் சாம்பல்

தெஹிவளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பெட்டாவில வாங்கின 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட் ஒண்டு, பெரிய கம்பனிப் பேர் போட்ட பெட்டிக்குள்ள வந்தது. முதல்ல தம்பி தன்ர கையடக்க கேம் கொன்சோலில போட்டவன். தொடக்கத்தில நல்லா ஓடிச்சுது. கேம் ஏத்த ஏத்த கரைச்சல் துவங்கிச்சு. பாதியில உறைஞ்சு நிக்கும், சிலது லிஸ்டில இருக்கும் ஆனால் திறக்காது. அவன் வேற கார்ட் வாங்கிட்டு இதை என்னட்டத் தந்திட்டான். நான் ஃபோர்மட் பண்ணி என்ர போனில போட்டு, கமராப் படமெல்லாம் கார்டுக்குப் போற மாதிரி வைச்சன்.

இப்ப ஆடிவேலுக்கு எடுத்த படங்கள்தான் பிரச்சினை. செட்டியார் தெருவில தேர் வெளிக்கிட்டதில இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் எடுத்தது. கலரியில சின்னதாப் பாக்கேக்க எல்லாம் வடிவா இருக்கு. தட்டித் திறந்தால், ஒரு படத்தில மேல் பாதி தேர், கீழ் பாதி சாம்பல். அதுக்குப் பிறகு எடுத்த ஒண்டுமே திறக்குதில்லை, வீடியோவும் ஓடுதில்லை. அதுக்கு முந்தி எடுத்ததெல்லாம் ஒரு பிழையும் இல்லாமல் திறக்குது. எடுத்த உடனே ஒவ்வொண்டாப் பாத்தனான், அப்ப நல்லாத்தான் இருந்தது. லப்டொப்பில போட்டால் சில நேரம் ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது. என்ன செய்யலாம்?

கொழும்பு06:
ஃபோர்மட் குடுத்துப் பாருங்கோ அக்கா. ஃபைல் சிஸ்டம் குழம்பினால் இப்பிடித்தான் வரும். மருமகன்ர கேம் மெஷினும் பற்றரி இறங்கி தானா நிண்ட பிறகு கார்டை வாசிக்கேல்லை. ஃபோர்மட் பண்ணின பிறகு இண்டைக்கு வரைக்கும் ஓடுது.

ரிப்பேர்_நானா:
தங்கச்சி, ஃபோர்மட் பண்ண வாணாம். முதல்ல கார்டக் கழட்டி வைங்க. இனி அதுல ஒரு படமும் எழுதப்படாது.

கொழும்பு06 சொல்றதும் நடக்கிறதுதான். எழுதிட்டு இருக்கிற நேரம் கரண்ட் போனா ஃபைல் டேபிள், அதாவது எந்த ஃபைல் எங்க கிடக்கு எண்ட பட்டியல், குழம்பும். அப்ப கார்ட்ல பழுது இல்ல, ஃபோர்மட் பண்ணினா சரியாகும். ஆனா இங்க ரெண்டு விஷயம் அதோட ஒத்து வரல. நடுவுல ஃபோர்மட் பண்ணியும் ரெண்டு மெஷின்லயும் ஒரே கூத்து: கார்ட் காலியா இருக்கும்போது நல்லம், நிரம்ப நிரம்பக் கெடுது. ரெண்டாவது, அந்தப் பாதித் தேர்.

ஒரு வேலை செய்ங்க. லப்டொப்ல போடுங்க, ஃபோர்மட் கேட்டா கேன்சல். படங்களத் திகதிப்படி அடுக்கி, முதல் படத்துல இருந்து அந்தப் பாதிப் படம் வரைக்கும் செலக்ட் பண்ணுங்க, மொத்த சைஸ் காட்டும். அந்தக் கணக்க மட்டும் சொல்லுங்க.

தெஹிவளைக்காரி:
28.9 ஜிபி.

ரிப்பேர்_நானா:
அப்ப உங்க கையில இருக்கிறது 32 ஜிபி கார்ட். 256 எண்டுறது ஸ்டிக்கர்ல மட்டும்தான்.

கம்பனி 32 ஜிபி எண்டு சொல்றது 3,200 கோடி பைட். விண்டோஸ் 1024, 1024 ஆ வகுத்து எண்ணுறதால அது 29.8 எண்டு வரும். இது களவு இல்ல, எல்லாக் கார்டும் அப்படித்தான். ஒரிஜினல் 256ம் 238 எண்டுதான் காட்டும். உங்கட படங்கள் 28.9ல முறிஞ்சிருக்கு, மிச்ச கொஞ்சத்த தம்ப்நெயில் எண்டுற சின்னப் படம், போன் போட்ட சில்லறை ஃபைல் எல்லாம் தின்டிருக்கும். அந்தப் பாதித் தேர்தான் எல்லை. மேல் பாதி உள்ள போயிருக்கு, கீழ் பாதிக்கு இடமில்ல. புதுசா ஃபோர்மட் பண்ணின கார்ட்ல போன் பெரும்பாலும் வரிசையா எழுதிட்டுப் போகும், அதால இவ்வளவு தெளிவாத் தெரியுது. அழிச்சி அழிச்சி எழுதின கார்டா இருந்தா கெட்ட படம் அங்கொண்டு இங்கொண்டாத்தான் கிடக்கும்.

தம்பிட கேமுக்கும் இதே கததான்.

கொழும்பு06:
நானா, இடமில்லை எண்டால் போன் "இடமில்லை" எண்டு சொல்ல வேணுமே. எப்பிடி மூச்சுக் காட்டாமல் எழுதுது?

ரிப்பேர்_நானா:
ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் ரெண்டு சாமான் இருக்கு. டேட்டா இருக்கிற ஃபிளாஷ் சிப் ஒண்டு, அதுக்கு முன்னால நிண்டு போனோட பேசுற கொன்ட்ரோலர் ஒண்டு. "நீ எவ்வளவு பெரிசு" எண்டு போன் கேக்கிறது கொன்ட்ரோலர்கிட்ட. டூப் அடிக்கிறவன் அந்தக் கொன்ட்ரோலர மாத்தி புரோகிராம் பண்ணி 256 எண்டு சொல்ல வைக்கிறான். போன் நம்புது. வேற யாருட்டக் கேக்கிறது?

நூறு பக்கக் கொப்பிக்கு மட்டையில எண்ணூறு பக்கம் எண்டு அடிச்ச மாதிரி. பொருளடக்கம் முதல் பக்கத்துல இருக்கு, அது உண்மையான தாள். அதால ஃபைல் பேர், திகதி, சைஸ் எல்லாம் சரியாக் காட்டும். "350ஆம் பக்கம்" எண்டு பொருளடக்கம் சொல்லும், பிரிச்சா அங்க தாளே இல்ல.

எல்லை தாண்டினதுக்குப் பிறகு ரெண்டு விதமா நடக்கும். ஒரு சாதிக் கொன்ட்ரோலர் வாங்கினதக் கீழ போட்டுட்டு "எழுதிட்டன்" எண்டு பொய் சொல்லும். மத்தச் சாதி திரும்ப முதல்ல இருந்து, இருக்கிறதுக்கு மேலயே எழுதும். அதுல நல்ல படமும் போயிரும், ஒரு நாளைக்கு ஃபைல் டேபிள் மேலயே எழுதுப்பட்டு முழுக் கார்டும் செத்துரும். உங்கட பழைய படம் திறக்கிறதால முதல் சாதி போல. ஆனா அத நம்பி விளையாட வாணாம்.

லினக்ஸ்_பெடியன்:
எடுத்த உடனே படம் நல்லாத் தெரிஞ்சதுக்குக் காரணம், அப்ப அது இன்னும் போன்ர ரெம்மில, தற்காலிக நினைவகத்தில, இருந்தது. கார்டில இருந்து வாசிச்சுக் காட்டேல்லை. கலரியில தெரியிற சின்னப் படமும் தனிய வேற இடத்தில சேமிச்சு வைச்ச தம்ப்நெயில்தான்.

அதால அக்கா, தயவு செய்து கலரி அப்பின்ர கேஷை (அந்தச் சின்னப் படங்கள் கிடக்கிற இடம்) கிளியர் பண்ணிப் போடாதேங்கோ! போனைத் துப்புரவாக்கிற அப் இருந்தால் அதையும் ஓட விடாதேங்கோ. பெரிய படம் திரும்பி வராது, அது கார்டில எழுதுப்படவே இல்லை. எழுதாததை எந்த சொஃப்ட்வெயராலயும் மீட்கேலாது, காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தாறம் எண்டு சொல்றவையாலயும் ஏலாது. ஆனால் அந்தச் சின்னப் படங்கள் இன்னும் இருக்கு. முக்கியமானதுகளை ஸ்கிரீன்ஷொட் எண்டாலும் எடுத்து வையுங்கோ. வட்ஸ்அப்பில ஆருக்காவது அனுப்பியிருந்தால் அங்கயும் தேடுங்கோ. கூகிள் ஃபோட்டோஸ் பேக்கப் ஓனில இருந்ததோ?

தெஹிவளைக்காரி:
பேக்கப் ஓஃபில இருந்தது, டேட்டா முடியும் எண்டு. வட்ஸ்அப்பில குடும்பக் குரூப்புக்கு அனுப்பினது கிடக்கு, வீடியோ ரெண்டும் அதில இருக்கு. சின்னம்மா டவுன்லோட் பண்ணி வைச்சிருக்கிறா. தரம் குறைவுதான், பரவாயில்லை.

கொழும்பு06:
எச்2டெஸ்ட்டபிள்யூ எண்டு ஒரு புரோகிராம் இருக்கு, கார்ட் டூப்போ எண்டு அது சொல்லும். இருக்கிற ஃபைலை அழிக்காது, வெறும் இடத்தை மட்டும் நிரப்பிப் பாக்கும். இப்பவே ஓட விடலாமே?

லினக்ஸ்_பெடியன்:
நல்ல கார்டில அழிக்காது. சந்தேகப்பட்ட கார்டில அழிக்கும்! நானா சொன்ன ரெண்டாவது சாதியா இருந்தால், வெறும் இடம் எண்டு நினைச்சு அது எழுதிறதெல்லாம் நல்ல படங்களுக்கு மேலதான் போய் விழும். முதல்ல கொப்பி, பிறகு டெஸ்ட்.

அக்கா, பாதிப் படத்துக்கு முன்னால உள்ளதை எல்லாம் லப்டொப்பில ஒரு ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணுங்கோ. கொப்பியானதைத் திறந்தும் பாருங்கோ, எல்லாத்தையும் இல்லாட்டிலும் இடைக்கிடை. விண்டோஸ் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" எண்டு கேட்டால் அதுக்கும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அப்ப ஓடுற செக்டிஸ்க் கார்டில எழுதித்தான் திருத்தும். பழுதான கார்டில அதை ஓட்டினால் நல்ல ஃபைலையும் வெட்டி, ஃபவுண்ட்.000 எண்ட ஃபோல்டருக்குள்ள பேர் இல்லாத துண்டுகளாப் போட்டு விட்டிடும்.

கொப்பி பண்ணேக்க இடையில நிண்டால் அதோட மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸில டிடி-ரெஸ்கியூ எண்ட புரோகிராமால கார்டை அப்பிடியே ஒரு இமேஜ் ஃபைலா, முழுக் கொப்பியா, எடுத்து, அந்த இமேஜில படம் மீட்கிற ஃபோட்டோரெக் ஓட்டலாம். ஃபோட்டோரெக் இலவசம், அது ஃபைல் டேபிளைப் பாக்கிறதில்லை, படத்தின்ர தலைப் பைட்டுகளைப் பாத்துப் பொறுக்கும். பழைய பேர் மட்டும் வராது, எஃப் எழுத்தும் ஒரு நீளமான நம்பருமாத்தான் வரும்.

ரிப்பேர்_நானா:
இன்னொண்டு. கார்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முந்தி ரீடர மாத்திப் பாருங்க. கடைக்கு வர்ற "பழுதான" கார்ட்ல நல்ல பங்கு ரீடர், அடப்டர் பிரச்சின. பெரிய அடப்டர் பக்கத்துல இருக்கிற லொக் லூசாகி தானா இறங்கும், பிறகு கார்ட் எழுத விடுதில்ல எண்டு வருவாங்க. பழைய ரீடர் சிலது 32க்கு மேல சரியாவே வாசிக்காது. கடற்கரப் பக்கம் வீடெண்டா தங்க நிறப் பல்லுல ஊத்தையும் பிடிக்கும், உலர்ந்த துணியால மெல்லத் துடைச்சாக் காணும். உரஞ்சப்படாது.

தெஹிவளைக்காரி:
கொப்பி எடுத்தாச்சு, திறந்தும் பாத்தன், எல்லாம் சரி. வேற ரீடர் போட்டு, கார்டை வெறுமையாக்கி, எச்2டெஸ்ட்டபிள்யூவை ராவோட ராவா ஓட விட்டன். காலமை சிவப்பு எழுத்தில நிக்குது: மீடியா பழுதா இருக்கக்கூடுமாம். 29.1 ஜிபி ஓகே, 208.9 ஜிபி டேட்டா லொஸ்ட்.

லினக்ஸ்_பெடியன்:
ரெண்டையும் கூட்டினால் 238. நானான்ர கணக்கு அச்சொட்டாச் சரி.

மற்ற ஆக்களுக்கும் சொல்லுறன். எச்2டெஸ்ட்டபிள்யூ விண்டோஸுக்கு. லினக்ஸ், மக் வைச்சிருக்கிறவை எஃப்3 எடுக்கலாம், அதுவும் ஒரு ஜிபி ஒரு ஜிபியா ஃபைல் எழுதி, பிறகு முழுக்க வாசிச்சு ஒப்பிட்டுப் பாக்கிறதுதான். கார்டை நம்புறதுக்கு வேற வழி இல்லை. சிஐடி எண்டு கார்டுக்குள்ள ஒரு பதிவு இருக்கு, அதில கம்பனி நம்பர், சீரியல், செய்த மாசம் எல்லாம் கிடக்கு. யூஎஸ்பி ரீடரால அது தெரியாது, தெரிஞ்சாலும் அதிலயும் பொய் எழுதலாம். பெட்டி, ஹொலோகிராம், அச்செழுத்து எல்லாத்தையும் கொப்பி அடிக்கிறாங்கள். முழுக்க எழுதி முழுக்க வாசிக்கிறதை மட்டும் ஏமாத்தேலாது.

குறுக்குத்தெரு_யாவாரி:
வாசிச்சுக்கொண்டு வந்தேன். நான் பெட்டாவில சாமான் விக்கிறவன்தான். கடைக்காரன் எல்லாரும் கள்ளன் மாதிரிப் பேச்சுப் போகுது, அதால எழுதுறேன்.

நாங்க கார்ட் செய்றதில்ல. பெட்டிக் கணக்குல எடுக்கிறோம், நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டியில கலந்து வரும். ஒவ்வொண்டா டெஸ்ட் பண்ணு எண்டு சொல்லுவீங்க. இந்த அக்காட கார்டுக்கு ஒரு ராவு போயிருக்கு. ஒரு கார்ட்ல நிக்கிற லாபத்துக்கு எந்தக் கடைக்காரன் ஒரு ராவு இருப்பான்? அதோட, ஒரிஜினல் விலையச் சொன்னா ஆள் அடுத்த கடைக்குப் போய் அரை விலைக்கு வாங்கிட்டு, திரும்பி வரும்போது எனக்குக் காட்டிட்டுப் போறார்.

கொழும்பு06:
அரை விலைக்கு அவர் வாங்கினது பிழை எண்டே வைப்பம். அரை விலைக்கு வைச்சிருந்தவர் அது என்னெண்டு தெரியாமலோ வைச்சிருந்தவர்?

குறுக்குத்தெரு_யாவாரி:
சிலருக்குத் தெரியும். மறைக்கல. 2 டிபி எண்டு ஒரு கார்ட் ரோட்டோரத் தட்டுல கிடந்தா, விக்கிறவனுக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரிஞ்சிருக்கணும். 1 டிபி மைக்ரோ எஸ்டி விற்பனைக்கு வந்ததே 2019லதான். 256, 128 வேற கதை, அதுல எங்களுக்கே ஏமாத்து நடக்குது. என் கடையில பில் போட்டுத் தாறேன், டெஸ்ட்ல தோத்தா மாத்தித் தாறேன். அது மட்டும்தான் என்னால செய்ய ஏலும்.

ரிப்பேர்_நானா:
யாவாரி சொல்றதுல ஞாயம் இருக்கு, ஆனா தங்கச்சிட காசு போனது போனதுதான். பில் இருக்கா? இருந்தா டெஸ்ட் ரிசல்ட்ட படம் பிடிச்சிட்டு கடைக்குப் போங்க, சண்ட பிடிக்காம காட்டுங்க. நிறையப் பேர் மாத்தித் தருவாங்க. மறுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 1977க்கு அடிக்கலாம். பில் இல்லாட்டி அங்க போயும் நிக்க ஏலாது.

இனி வாங்கினா கம்பனி ஏஜென்ட் வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டினதா எடுங்க. யூனிட்டி பிளாசாவோ பெட்டாவோ, இடம் முக்கியமில்ல, பில்லும் வொரண்டியும்தான். வாங்கின கிழமையே, ஒரு படமும் போட முந்தி, டெஸ்ட் பண்ணுங்க.

ஹட்டன்_டு_கொழும்பு:
இடையில ஒரு கேள்விங்க. எனக்கு டூப் இல்லைன்னு நினைக்கிறேன். பழைய போன்ல இருந்த கார்டை புது போன்ல போட்டா "ஆதரிக்காத கார்ட், ஃபோர்மட் பண்ணு"ன்னு வருது. பழைய போன்ல திரும்பப் போட்டா எல்லாம் தெரியுது. என்ன மாயம்?

லினக்ஸ்_பெடியன்:
பழைய போனில முதன்முதல் போடேக்க "இன்டர்னல் ஸ்டோரேஜ்" எண்டு தெரிவு செய்திருப்பீங்கள். ஆண்ட்ரொயிட் 6இல இருந்து அந்த வசதி இருக்கு. அப்பிடிச் செய்தால் கார்ட் முழுக்கப் பூட்டுப்படும், திறப்பு அந்தப் போனுக்குள்ள மட்டும்தான் இருக்கும். வேற போன், லப்டொப், ஒண்டும் வாசிக்காது. பழைய போனை விக்கவோ ரீசெட் பண்ணவோ முந்தி எல்லாத்தையும் வெளிய எடுங்கோ. ரீசெட் பண்ணினால் திறப்பும் போச்சு, படமும் போச்சு.

ஹட்டன்_டு_கொழும்பு:
நல்ல வேளை, இந்த ஞாயிறு விக்க இருந்தேன். நன்றிங்க.

கொட்டாஞ்சேனை_ஆட்டோ:
அண்ணாமார், என் த்ரீவீலர்ல டேஷ் கேம் இருக்கு. கார்ட்ல பழைய வீடியோ அழிச்சா அழியுது, கழட்டிப் போட்டா திரும்ப வந்து நிக்குது. ஃபோர்மட் பண்ணினா "முடிஞ்சுது" எண்டு சொல்லுது, பாத்தா எல்லாம் அப்படியே இருக்கு. பேய் பிடிச்ச மாதிரி. இதுவும் டூப்பா?

ரிப்பேர்_நானா:
இல்ல தம்பி, அது ஆயுசு முடிஞ்ச கார்ட். ஃபிளாஷ் தேஞ்சதும் கொன்ட்ரோலர் எழுதுறத நிப்பாட்டி, வாசிக்க மட்டும் விடும். உள்ளதாவது தப்பட்டும் எண்டு செய்றது, ஒரு வகையில நல்லது. உள்ள இருக்கிறத எடுத்துட்டு எறிங்க, எந்த சொஃப்ட்வெயர் போட்டும் திறக்காது. டேஷ் கேம் நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கிற சாமான், வெயில்ல வேற நிக்கும். அதுக்கெண்டே "ஹை என்டியூரன்ஸ்" எண்டு வருது, கொஞ்சம் விலதான், அதப் போடுங்க.

தெஹிவளைக்காரி:
கடைக்குப் போனன். முதல்ல "போன்தான் பழுது" எண்டவர். டெஸ்ட் படத்தையும் பில்லையும் காட்டின பிறகு கதை குறைஞ்சிட்டுது. காசு தரமாட்டாராம். 64 ஜிபி ஒண்டு வொரண்டியோட தந்தார், மேல கொஞ்சம் காசும் வாங்கினவர். அதை டெஸ்ட் பண்ணியாச்சு, முழுக்க ஓகே. பழையதை அவர் திருப்பிக் கேக்கேல்லை, என்னட்டத்தான் கிடக்கு.

தம்பி ஒண்டு கேக்கிறான். அவன்ர கேம் மெஷினோட பெட்டிக்குள்ள வந்த கார்டை லப்டொப்பில போட்டால் கன டிரைவ் வருது, ஒவ்வொண்டும் ஃபோர்மட் கேக்குது. அதுவும் பழுதோ?

லினக்ஸ்_பெடியன்:
பழுதில்லை. அந்த மெஷினுக்குள்ள ஓடுறது லினக்ஸ். கார்டைப் பல துண்டாப் பிரிச்சு வைச்சிருக்கும், விண்டோஸுக்கு அதுகள் விளங்காது, விளங்காததுக்கெல்லாம் ஃபோர்மட் கேக்கும். எல்லாத்துக்கும் கேன்சல். ஒண்டுக்கு ஓம் எண்டால் மெஷின் எழும்பாது.

ஆனால் அப்பிடி மெஷினோட சும்மா வாற பேரில்லாக் கார்டை நம்பி இருக்க வேண்டாம். இப்ப நல்லா ஓடேக்கயே முழுக் கார்டையும் ஒரு இமேஜா லப்டொப்பில எடுத்து, நல்ல கார்ட் ஒண்டில எழுதிப் போடச் சொல்லுங்கோ. கேம் சேவ் எல்லாம் அப்பிடியே வரும். மெஷினை நிப்பாட்டேக்க மெனுவால ஷட்டவுன் குடுக்கோணும், சுவிட்சை இழுத்து நிப்பாட்டினால் நல்ல கார்டும் குழம்பும்.

அந்தப் பழைய டூப் கார்டை எஃப்3இல இருக்கிற எஃப்3ஃபிக்ஸால 29 ஜிபி பார்ட்டிஷனா, அதாவது 29 ஜிபி பங்கா, வெட்டினால், அதுக்கு மேல ஒண்டும் எழுதாது. பாட்டுக் கேக்கவாவது பாவிக்கலாம்.

ரிப்பேர்_நானா:
வெட்டலாம். யாராவது திரும்ப ஃபோர்மட் பண்ணினா மறுபடி 256 ஆகி நிக்கக்கூடும், அது ஒண்டு. உள்ள இருக்கிற சிப்பே கழிச்சுப் போட்டதா இருக்கும், அது ரெண்டு. வேன்ல பாட்டுப் போட வைங்க, கமராவுக்கு வாணாம். வேற யாருக்கும் குடுக்கவும் வாணாம். மேல மார்க்கரால 29 எண்டு எழுதி வைங்க.

கொழும்பு06:
இதை வாசிச்சிட்டு வீட்டில கிடந்த கார்ட் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணினன், எல்லாம் சரி. இப்ப கார்ட் முழுக்க .எச்2டபிள்யூ எண்டு ஒரு ஜிபி ஒரு ஜிபியா ஃபைல் நிரம்பிக் கிடக்கு, போனில இடமில்லை எண்டு வருது. அதுகளை அழிக்கலாமோ?

லினக்ஸ்_பெடியன்:
ஓம், அழியுங்கோ. அது டெஸ்ட் எழுதின ஃபைல்தான்.